சுபாங் ஜெயா வீட்டுக்கு வரி கிடையாது

இல்ல ஆன்டி, அதுல உக்காராதீங்க, அந்த நாற்காலிக்கு ஒரு கால் சரியில்ல. இங்க வாங்க, ஃபேனுக்குக் கீழ. பெட்டியெல்லாம் கிடக்கு, பார்த்துக் காலை வைங்க. குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும்ல? அப்பா ரிட்டையர் ஆகிட்டார், மாசக் கடைசிக்குள்ள சாவியைக் கொடுத்திடணும். நான் பிறந்ததே இந்த வீட்லதான். பிரிக்ஃபீல்ட்ஸ்ல இத்தனை வருஷம் இருந்ததுல இது ரயில்வே வீடுங்கறதே எங்களுக்கு மறந்து போச்சு. அம்மா பின்னால கறிவேப்பிலை மரமெல்லாம் வச்சு வளத்துட்டாங்க. ரயில்வே மறக்கல.

அப்பா இல்லயே ஆன்டி. கிள்ளானுக்குப் போயிருக்கார், தம்பு சித்தப்பா வீட்டுக்கு. அங்க பின்னால ஒரு ரூம் இருக்கில்ல, அதுல எங்க அலமாரி நுழையுமான்னு அளந்து பாக்க. அம்மாவும் வெளிய போயிருக்காங்க. நான் மட்டும்தான். அதனால என்ன, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், என்கிட்டயே பேசலாம். ஐயோ, எந்திரிக்காதீங்க. டீ போட்டாச்சு. சீனி கம்மிதான், உங்களுக்கு இனிப்பு நீர்னு அம்மா சொல்லியிருக்காங்க.

உங்க அக்கா மகன் விஷயம்தானே? டாக்டர் விநாயகமூர்த்தி. சொல்றேன்னு தப்பா நினைக்காதீங்க ஆன்டி, அவர் மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் அவர் என்கிட்ட என்ன படிக்கிறீங்கன்னுதான் கேட்டார். ரெண்டு தடவையும் எக்கானமிக்ஸ்னு சொன்னேன். மூணாவது தடவை கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன், மாறப் போறதில்ல. சாதகம் பொருந்திருச்சு, ஃபோட்டோ பொருந்திருச்சு, ரெண்டு பக்கமும் எந்த ஊர்ல இருந்து கப்பல் ஏறினோம்னு யாழ்ப்பாணம் வரைக்கும் போய்த் தோண்டிப் பார்த்து அதுவும் பொருந்திருச்சு. பொருந்தாதது அந்த சுபாங் ஜெயா வீடு ஒண்ணுதான்.

நல்ல வீடுதான் லா ஆன்டி. ஒரு மாடி, மூணு ரூம், முன்னால காடி நிப்பாட்ட இடம். அப்பா எனக்குச் சீதனத்துக்குன்னு மூணு வருஷத்துக்கு முன்னால வாங்கிப் போட்டது. பாதிக்கு ரயில்வே கூட்டுறவுச் சங்கத்துல கடன் எடுத்தார், பாதிக்கு அம்மாவோட நகை. அம்மா அவங்க கல்யாணத்துக்குப் போட்டுட்டு வந்த நகை அவ்வளவும். கழுத்துல தாலிக்கொடி மட்டும் மிச்சம். வாங்கின நாள்ல இருந்து வாடகைக்கு விட்டாச்சு. கிஃபாயத்துல்லா அண்ணன் குடும்பம் இருக்காங்க, துணிக்கடை வச்சிருக்காரே, அவர்தான். மாசம் பிறந்தா வாடகை அப்பா கையில.

அந்த வீட்டைக் கொடுக்கறோம்னு சொன்னதும் உங்க வீட்ல என்ன சொன்னீங்க? ஏரோப்ளேன் சத்தம் காதைப் பிளக்குது. சரி. டாக்டரோட கிளினிக் அம்பாங்ல, தினம் போய் வர தூரம். அதுவும் சரி. அதனால அதை வித்துட்டு அம்பாங்ல ஒரு வீடு வாங்கிக் கொடுங்க. மாப்பிள்ளை பேர்ல. இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நீங்க கொஞ்சம் மெதுவாச் சொன்னீங்க ஆன்டி, ஆனா நான் கதவுக்குப் பின்னாலதான் நின்னேன், கேட்டுச்சு.

அங்கதான் வரி வந்து உக்காந்துச்சு.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்றேன். வீடு நிலம் வித்து லாபம் வந்தா கவர்மென்ட் ஒரு பங்கு எடுத்துக்கும். வாங்கி ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா லாபத்துல அஞ்சுல ஒரு பங்கு. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வரும். அஞ்சு வருஷம் தாண்டிருச்சுன்னா ஒண்ணும் கிடையாது. நாங்க வாங்கினப்போ விலை படுத்துக் கிடந்துச்சு, இப்போ எந்திரிச்சு ஓடுது. லாபம் பெருசு, அப்போ வரியும் பெருசு. அப்பா சொன்னார், அஞ்சு வருஷம் முடியட்டும், பிறகு விப்பம். நீங்க சொன்னீங்க, அதுவரைக்கும் டாக்டர் பையன் காத்துக்கிட்டு இருப்பானா, இப்பவே வித்துடுங்க, வரியைப் பொண்ணு வீட்லயே கட்டிக்கட்டும். மண்டபம், மேளம், சாப்பாடு, வரி. எல்லாம் பொண்ணு வீட்டுச் செலவு.

நாலு மாசம் ஆன்டி! நாலு மாசம் இந்த ஹால்ல பார்லிமென்ட் நடந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆனா போதும், உங்க பக்கம் உங்க கூட மூணு ஆம்பிளைங்க, எங்க பக்கம் அப்பாவும் தம்பு சித்தப்பாவும். சித்தப்பா முனிசிபல்ல கிராணியா, கிளார்க்கா இருந்தவர், அதனால உலகத்துல உள்ள எல்லாச் சட்டமும் தெரியும். அவர் சொல்றார், அக்ரிமென்ட்ல விலையைக் குறைச்சு எழுதுவம், மிச்சத்தைக் கையில வாங்குவம். உங்க அத்தான் சொல்றார், அதுக்கு ஜெயில்னு. சித்தப்பா சொல்றார், ஜெயிலுக்குப் போறது விக்கிறவர்தானே, மாப்பிள்ளை வீட்டுக்குப் பிரச்சினை இல்லைதானேன்னு. எங்கப்பா முகத்தைப் பாக்கணுமே. முப்பது வருஷம் ரயில்வேயில ஒரு பேனா எடுத்துட்டு வராத மனுஷன்.

அப்புறம் ஒரு ஞாயிறு முழுக்க நாள் பாத்தாங்க. வித்தா ஆனி மாசத்துக்குள்ள விக்கணும், ஆடியில கையெழுத்துப் போடக் கூடாது, சரி ஆவணின்னா டாக்டர் வீட்டு ஜோசியருக்கு ஆவணி ஒத்துக்கல. நாலு மாசத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், வரி ஆபீஸுக்குப் போய்க் கேப்போம்னு சொன்னாரா? பஸ்ல போனா இங்க இருந்து எவ்வளவு தூரம்? ஜோசியரைப் பாக்க ஈப்போ வரைக்கும் போனீங்க!

சிரிக்கறீங்க. சிரிங்க. நானும் அன்னிக்கு உள்ள நின்னு சிரிச்சேன்.

நான் வாய் ஜாஸ்தின்னு உங்க அக்கா சொன்னாங்களாமே? இல்ல, கோபம் இல்ல, உண்மைதான். யூனிவர்சிட்டில டிபேட் டீம்ல இருக்கேன், வாய்தான் முதலீடு. ஒரு நாள் ஹால்ல வந்து நின்னு ஒரே ஒரு கேள்வி கேட்டேன், அதுக்கே அப்பா, உனக்கென்ன விசரே பிள்ளை, உள்ள போன்னார். என்ன கேள்வியா? சொல்லவா? கோவிச்சுக்க மாட்டீங்களே?

சும்மா விவாதத்துக்குத்தான் கேட்டேன் ஆன்டி. வீட்டை வித்தா வர்ற லாபத்துக்கு வரி இருக்கு. மாப்பிள்ளையைக் கொடுத்தா வர்ற லாபத்துக்கு வரி இருக்கான்னு கேட்டேன். இருங்க, டீயைக் குடிங்க, சொல்லி முடிச்சிடறேன். சட்டத்துல எப்படின்னா, முதல்ல வாங்கின விலை பாக்கணும். டாக்டர் பிறந்தது கவர்மென்ட் ஆஸ்பத்திரி, அப்போ என்ன பெரிய செலவு? அடுத்தது, வாங்கினதுக்கு அப்புறம் சொத்தை மேம்படுத்தச் செஞ்ச செலவு. அதைக் கழிச்சுக்கலாம், சட்டமே சொல்லுது. கூரை மாத்தினது, கிரில் போட்டது மாதிரி. இவருக்கு டியூஷன், மணிப்பால்ல மெடிக்கல், ஸ்டெதாஸ்கோப். அதுல பாதிக்கு ஸ்காலர்ஷிப், அப்போ அதைக் கழிக்க முடியாது, அடுத்தவன் காசுல போட்ட கிரில். கடைசியா விக்கிற விலை. அம்பாங்ல வீடு, ஒரு காடி, மாப்பிள்ளைக்குச் சங்கிலி. கூட்டிக் கழிச்சா லாபம் எங்கயோ போகுது! ஆனா வரி கிடையாது ஆன்டி. ஏன் தெரியுமா? முப்பத்தோரு வருஷம் வச்சிருந்து விக்கறீங்க. அஞ்சு வருஷம் எப்பவோ தாண்டிருச்சு. சட்டம் உங்க பக்கம்.

பொண்ணு விஷயம் இதைவிட மோசம். எந்தச் சரக்கா இருந்தாலும் வாங்கறவன்தானே காசு கொடுக்கணும்? எங்களை மட்டும் கொடுக்கறவனே காசும் கொடுத்து அனுப்பறான். எங்க ப்ரொஃபசர்கிட்ட கேட்டேன், இதுக்கு எப்படி சார் கிராஃப் போடறதுன்னு. அவர் சீனர், பாவம், சாக்பீஸைக் கீழ வச்சிட்டு, மிஸ், இது வேற டிபார்ட்மென்ட்னார்.

சரி சரி, விடுங்க. மூஞ்சி மாறுது. உங்களைச் சொல்லல ஆன்டி. நீங்களும் இந்த வழியாத்தானே வந்தீங்க? உங்களுக்கும் சீதன வீடு ஒண்ணு இருந்துச்சுன்னு அம்மா சொல்லியிருக்காங்க. செந்தூல்லதானே? அப்படியா. அங்கிள் பிசினஸுக்குன்னு வித்துட்டாரா. உங்க பேர்ல இருந்த வீடா? அப்போ நீங்கதானே கையெழுத்துப் போட்டிருப்பீங்க. என்ன பேப்பர்னே தெரியாதா. ம். உங்களைக் கேட்டாரா?

இல்ல, சும்மா கேட்டேன். டீ ஆறிடும்.

நல்ல சேதி ஒண்ணு சொல்றேன். சுபாங் ஜெயா வீட்டுக்கு வரியே கிடையாது. ஆமா ஆன்டி. ஒரு காசு கிடையாது. அஞ்சு வருஷம் வரைக்கும் காத்திருக்கவும் வேணாம். எப்படின்னா, இந்த ஹால்ல அஞ்சு ஆம்பிளைங்க கத்திக்கிட்டு இருந்தப்போ நான் யூனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போய் அந்தச் சட்டத்தை எடுத்து வச்சுப் படிச்சேன். படிக்கிற புஸ்தகமா அது? கொட்டாவி கொட்டாவியா வருது. ஆனா பின்னால ஒரு இடத்துல அழகா ஒரு விஷயம் போட்டிருக்கான். குடியிருக்கற மாதிரி வீடா இருந்து, அது நம்ம பேர்ல இருந்து, நாம இந்த நாட்டுப் பிரஜையா இருந்தா, அதை விக்கிறப்போ வரி வேணாம்னு எழுதிக் கேக்கலாம். கொடுத்துடுவாங்க. ஆனா ஆயுசுக்கு ஒரே ஒரு தடவைதான். ஒரு தடவை கேட்டு வாங்கிட்டா, அப்புறம் சாகற வரைக்கும் கேக்க முடியாது.

பாத்தீங்களா, உங்க முகம் எப்படிப் பூத்துருச்சு. நானும் அப்படித்தான் பூத்தேன். ஓடி வந்து அப்பாகிட்ட சொன்னேன். அப்பா பேப்பரைக் கீழ இறக்கல. பேப்பருக்குப் பின்னால இருந்தே, அது அந்த வீட்ல குடியிருக்கிற ஆக்களுக்கு, பிள்ளை, வாடகைக்கு விட்டவைக்கு இல்லைன்னார். நான் சொன்னேன், அப்பா, குடியிருக்கத் தகுந்த வீடா இருந்தாப் போதும்னு போட்டிருக்கு, நான் ரெண்டு தடவை படிச்சேன்னு. சித்தப்பா சொன்னார், அண்ணை, அப்படியெல்லாம் இருந்தா எனக்குத் தெரியாம இருக்குமே? முடிஞ்சுது. பார்லிமென்ட்ல தள்ளுபடி.

எனக்குன்னா பத்திக்கிட்டு வந்துச்சு. மறுநாள் கிளாஸை விட்டுட்டு வரி ஆபீஸுக்கே போய்ட்டேன். கவுன்டர்ல ஒரு ஆபீஸர். நல்ல மனுஷன், குறை சொல்ல மாட்டேன். முழுக்கக் கேட்டார், அட்ரஸை எழுதிக்கிட்டார், என் தலைக்கு மேல எட்டிப் பின்னால பார்த்துட்டு, சரி மா, ஓனரை வரச் சொல்லுங்கன்னார்.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? நானும் திரும்பிப் பார்த்தேன் ஆன்டி!

சத்தியமா. நானும் திரும்பி அப்பாவைத் தேடினேன். பின்னால யாரு இருக்கா? ஒரு சீனக் கிழவர் தூங்கிக்கிட்டு இருக்கார். அப்பதான் மண்டையில விழுந்துச்சு. நான்தான் சார் ஓனர்னேன். புஷ்பராணி, பாலசுந்தரம் மகள். ஐசியை, அடையாள அட்டையைக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், ஐசியைப் பார்த்தார். ஓ, அப்போ இது உங்க சலுகைதான், உங்க ஆயுசுக்கு ஒரு தடவை, யோசிச்சு எடுங்கன்னார்.

யோசிச்சு எடுங்க. இருபத்தி ரெண்டு வயசு வரைக்கும் என்கிட்ட இந்த வார்த்தையை யாரும் சொன்னதில்ல.

பஸ்ல வர்றப்போ எனக்குச் சிரிப்பு அடங்கல. பாருங்களேன், நம்ம ஆளுங்க பண்ற வேலைய. சீதன வீடுன்னா பொண்ணு பேர்ல எழுதணும், அப்பதான் ஊர்ல மரியாதை. எழுதியாச்சு. அதோட அந்தப் பேரை எல்லாரும் மறந்தாச்சு. அப்பா அவர் வீடுங்கறார். நீங்க உங்க வீடுங்கறீங்க. சித்தப்பா வரியைப் பத்திப் பேசறார், ஜோசியர் மாசத்தைப் பத்திப் பேசறார். பேரு என்னவோ தபால் பெட்டி மேல எழுதின பேரு மாதிரி, அது பாட்டுக்கு இருக்கு. ஆனா சட்டத்துக்கு நம்ம பழக்கம் தெரியுமா? அது பாவம், எழுதினதை அப்படியே நம்பிடுச்சு. புஷ்பராணின்னு போட்டிருந்தா புஷ்பராணி வீடுதான்னு நினைச்சுக்கிச்சு.

அம்பாங்ல வீடு பாத்து வச்சாச்சா? ம், நல்லா இருக்குமே. மாடி வீடா. நல்லது.

ஆன்டி, நீங்க தம்பு சித்தப்பா வீட்டுப் பின் ரூமைப் பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க, அங்க யாரையும் விட மாட்டாங்க, பழைய சைக்கிளும் பேப்பர்க் கட்டும் போட்டு வைக்கிற ரூம். ஒரு ஜன்னல் இருக்கு, திறந்தா பக்கத்து வீட்டுச் சுவரு. கையை நீட்டினா தொடலாம். இங்க காலி பண்ணினதும் அப்பாவும் அம்மாவும் அங்கதான். அப்படித்தானே பேசி முடிச்சது? வீட்டை மாப்பிள்ளைக்குக் கொடுத்துட்டு, குவார்ட்டர்ஸை ரயில்வேக்குக் கொடுத்துட்டு, கூடப் பொறந்த தம்பி வீட்ல போய் ஒண்டிக்கறதுன்னு. அப்பாவுக்குப் பரவால்ல. காலையில பேப்பர், சாயங்காலம் தம்பியோட அரசியல், கோயில் கமிட்டி. அவருக்கு ரூம் வேணாம், ஹால் போதும்.

அம்மாவைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினோம். ரூம் நடுவுல நின்னு நாலு சுவரையும் பார்த்தாங்க. சாமிப் படத்தை எங்க மாட்டலாம்னு பாக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுது. ஒரு சுவர்ல மீட்டர் பெட்டி, ஒண்ணுல ஜன்னல், ஒண்ணுல ஓதம் பூத்துக் கிடக்கு, நாலாவதுல கதவு. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் சித்திகிட்ட மெதுவாக் கேட்டாங்க. என்னோட குத்துவிளக்கை உங்க சாமி ரூம்ல ஒரு ஓரமா வச்சுக்கலாமாம்மான்னு. சித்தி கெட்டவங்க இல்ல. மீன் கழுவிக்கிட்டே, பாப்பம்னாங்க.

பாப்பம். அவ்வளவுதான் சொன்னாங்க. வரும்போது கிள்ளான் பஸ்ல அம்மா என் பக்கத்துல உக்காந்து வந்தாங்க, டிக்கெட்டைச் சின்னதா மடிச்சுக்கிட்டே வந்தாங்க. அந்த சுபாங் ஜெயா வீட்ல பாதி எங்கம்மா கழுத்துல கையில கிடந்தது ஆன்டி. அந்த அம்மா ஒரு விளக்கை வைக்க அடுத்த வீட்ல பர்மிஷன் கேக்கறாங்க.

இல்ல, அழலயே. ஃபேன் காத்து.

நீங்க சொல்றதும் நியாயம்தான். பொண்ணைப் பெத்தவங்க தியாகம் பண்ணத்தான் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தத் தியாகத்தை ஏன் எப்பவும் பின் ரூம்ல கொண்டு போய் வைக்கறாங்க? முன் ஹால்ல வைக்கலாமே, நாலு பேர் பாக்கட்டுமே?

டாக்டர் நல்லவர்தான். எனக்குத் தெரியும். அவரை யாராவது கேட்டாங்களான்னும் எனக்குச் சந்தேகம்தான். அவருக்கு ஏரோப்ளேன் சத்தம் பிடிக்குமோ என்னவோ.

சரி, விஷயத்துக்கு வரேன். நீங்க அம்பாங் வீட்டுக்கு இந்த வாரம் அட்வான்ஸ் கொடுக்கணும், அப்பாவை அவசரப்படுத்தணும், அதானே வந்தது? அப்பாவை அவசரப்படுத்தி ஒண்ணும் ஆகாது ஆன்டி. அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க, காசு போயிடும். அந்த சுபாங் ஜெயா வீடு இருக்கில்ல, அதை வித்தாச்சு.

ஆமா, வித்தாச்சு. நான்தான் வித்தேன். வேற யாரு விக்க முடியும்? கிஃபாயத்துல்லா அண்ணனுக்குத்தான். மூணு வருஷமா குடியிருக்கார், அவர் சம்சாரம் முத்து பீவி அக்காவுக்கு அந்த வீட்டு மேல உசுரு, பின்னால சமையல்கட்டை அவங்க செலவுலயே இழுத்துக் கட்டியிருக்காங்க. நியாயமான விலை, அக்ரிமென்ட்ல அதே விலை, ஒரு காசு குறைச்சு எழுதல. எப்பவா? ஆடி மாசம். செவ்வாய்க்கிழமை, ராகு காலம் பார்த்துப் போனேன். வேணும்னேதான். நம்ம ஆளுங்க ஒருத்தர் அந்த நேரத்துல லாயர் ஆபீஸ் பக்கம் வர மாட்டாங்க. நிம்மதியா நடந்துச்சு. லாயர்கூடக் கேட்டார், இன்னிக்கு என்ன இவ்வளவு காலியா இருக்குன்னு.

இல்ல, அப்பாவுக்குத் தெரியாது. இன்னிக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சொல்லப் போறேன். எப்படித் தொடங்கறதுன்னு காலையில இருந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன், நீங்க வந்தீங்க. உங்ககிட்ட சொல்லிப் பார்த்ததுல பரவால்ல, கொஞ்சம் கோர்வையா வந்துருச்சு. அந்த மாப்பிள்ளைக்கு வரி விஷயத்தை மட்டும் அப்பாகிட்ட சொல்லாம விட்டுடணும்.

திருட்டுன்னு சொல்லாதீங்க ஆன்டி. கணக்கு சுத்தம். சங்கத்துல அப்பா எடுத்த கடன் முழுசா அடைச்சாச்சு, கட்டின தவணையும் அவர் பேங்க்ல போட்டாச்சு, ரசீது இருக்கு. மிச்சம் அம்மாவோட நகை. நகையால வந்த லாபமும் நகைக்குத்தானே? வீட்டு கிரான், அதான் பத்திரம், அம்மா அலமாரியிலதான் இருந்துச்சு, கல்யாணக் கூறைப் புடவைக்கு அடியில. நான் கேக்கல. ஒரு நாள் காலையில கிளாஸுக்குக் கிளம்பறேன், அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில சுத்தி என் புஸ்தகத்துக்கு மேல வச்சிட்டு, மழை வரும் போல இருக்கு, நனையாமக் கொண்டு போன்னாங்க.

வரியா? அதான் சொன்னேனே, கிடையாது. எழுதிக் கேட்டேன், கொடுத்துட்டாங்க. என் ஆயுசுக்கு ஒரு தடவை. முடிஞ்சுது. இனிமே நான் கோட்டையே கட்டி வித்தாலும் வரி கட்டணும். கட்டிக்கறேன். அப்பா சொல்லுவார், ஆயுசுக்கு ஒரு தடவைதான் கல்யாணம், அதைக் கெடுத்துக்கிட்டியேன்னு. கல்யாணம்கூட ரெண்டாம் தடவை பண்ணிக்கலாம் ஆன்டி, சட்டத்துல இடம் இருக்கு. இதுக்கு இல்ல.

பணமா? பணம் இல்லயே. பிளாட் வாங்கியாச்சு. இங்கதான், பிரிக்ஃபீல்ட்ஸ்லயே, ரெண்டு தெரு தள்ளி, மூணாவது மாடி. ரெண்டு ரூம்தான், ஆனா ஹால்ல வெயில் நல்லா விழுது. அம்மா பேர்ல. குணபூசணி, ஒரே பேரு, கூட யாரும் இல்ல. லாயர் ஆபீஸ்ல அம்மாதான் கையெழுத்துப் போட்டாங்க. இதுவரைக்கும் என் ரிப்போர்ட் கார்டுல மட்டும்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. போட்டு முடிச்சிட்டு லாயரை ஒரு கேள்வி கேட்டாங்க. இனிமே என்னை யாரும் வெளிய போகச் சொல்ல முடியாதுதானே தம்பின்னு. முடியாதும்மான்னார். அம்மா அதை நம்பல, இன்னொரு தடவை கேட்டாங்க. இப்போ சாவி வாங்கத்தான் போயிருக்காங்க. தனியாத்தான் போவேன்னாங்க.

எந்திரிச்சிட்டீங்க? குடையை மறந்துடாதீங்க. டாக்டர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, வீடு இல்ல, பொண்ணு மட்டும்தான் இருக்கான்னு. அப்பவும் அவர் மூணாவது தடவை வந்து என்ன படிக்கிறீங்கன்னு கேட்டார்னா, உக்கார வச்சு டீ கொடுத்து பதில் சொல்றேன். வரலைன்னாலும் கோபம் இல்ல.

என்ன ஆன்டி? அந்த லாயர் அட்ரஸா? உங்களுக்கா? ம், எழுதித் தரேன், இருங்க. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.

அப்பாவா? அப்பா எங்க இருப்பார்னா கேக்கறீங்க? அது எனக்கு எப்படித் தெரியும் ஆன்டி, அது அம்மா வீடு. அப்பா அம்மாவைத்தான் கேக்கணும். கேட்டா சரின்னுதான் சொல்லுவாங்க, எங்கம்மாவை எனக்குத் தெரியாதா. ஆனா கேக்கணும்.